வீட்டுக் கணக்கில் விட்டுப்போன மூன்று வரிகள்

"வீடு கட்டக் கவர்மெண்டு மூன்றரை லட்சம் குடுக்குது. அதுக்கு மேல இன்னா வேணுமாம்?" ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவதொரு டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் வயிற்றெரிச்சலில் கேட்பதில்லை. அவர் தெருவிலேயே ஒரு வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுபோயிருக்கும். கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். பணம் கொடுத்தும் வீடு ஏன் முடியவில்லை என்பது அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

விளங்காத அளவுக்குச் சிக்கலான விஷயமும் இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். டீயைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்போம்.

பணம் வரும் வழி

மூன்றரை லட்சம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அது தமிழக அரசு 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் தொகை. 2030-க்குள் கிராமப்புறங்களில் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையே இல்லாமல் செய்வது இலக்கு. முதல் ஆண்டுக்கு 1 லட்சம் வீடு, 3,500 கோடி ரூபாய். வீடு 360 சதுர அடி இருக்க வேண்டும். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதிக்கு ஓடோ வேறு கூரையோ போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று மத்திய அரசின் திட்டம். 1985-86-ல் இந்திரா பெயரில் தொடங்கிய குடியிருப்புத் திட்டம், 2016-ல் பிரதமர் பெயருக்கு மாறியது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், அதாவது 72,000. மாநிலத்தின் பங்கு 48,000. இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பது தெரிந்து, தமிழக அரசு கூரைக்கென்று தனியாக 1,20,000 சேர்க்கிறது. ஆக மொத்தம் 2,40,000. கூட்டிப் பாருங்கள்: மாநிலம் போடுவது 1,68,000. நூற்றுக்கு எழுபது. இது போக, கழிப்பறைக்கு 12,000 ரூபாயும், நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலியும் சேரும்படி விதி வகுத்தார்கள்.

மத்தியத் திட்டத்தின் 1,20,000 என்பது 2016-ல் நிர்ணயித்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இன்னும் 2 கோடி வீடுகளுக்கு, 2029 வரை திட்டத்தை நீட்டித்தது. தொகையைத் தொடவில்லை. இடைப்பட்ட காலத்தில் சிமெண்டும் ஜல்லியும் கொத்தனார் கூலியும் என்ன ஆயின என்பதை வீடு கட்டிய யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, நகரத்துக்கான திட்டம். ஆரணி நகராட்சிக்குள் கொசப்பாளையத்தில் ஒரு பட்டு நெசவாளர் சொந்த மனையில் கட்டினால், 2015-ல் வந்த நகர்ப்புறத் திட்டத்தின்படி மத்திய அரசு 1,50,000, மாநிலம் 60,000 என்று கணக்கு இருந்தது. அதே பட்டை அதே மாதிரித் தறியில் தேவிகாபுரத்திலோ ஒண்ணுபுரத்திலோ நெய்கிறவர் ஊராட்சிவாசி. அவருக்கு ஊரகக் கணக்கு. தொழில் ஒன்று, கூலி ஒன்று. முகவரி மாறினால் வீட்டுக்கு வரும் தொகையும் மாறுகிறது.

தொகை எதுவானாலும் மொத்தமாகக் கைக்கு வராது. அடித்தளம், லிண்டல், கூரை, வேலை முடிவு என்று ஒவ்வொரு கட்டமும் முடிய முடிய, செல்போனில் இடக்குறிப்போடு படம் எடுத்து ஏற்றிய பிறகு அடுத்த தவணை. முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. கூலிக்காரர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். வேலை முன்னால் நடக்க வேண்டும். பணம் பின்னால் வரும். நடுவில் உள்ள இடைவெளிக்கு யார் பணம் போடுவது? நெசவாளராக இருந்தால், தான் நெய்து கொடுக்கும் முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்பார். அட்வான்ஸ் வாங்கியவர் அது தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூலி கூட்டிக் கேட்கவும் வாய் வராது. அதற்குப் பயந்தவர் வேலையை நிறுத்திவைப்பார். பாதியில் நிற்கும் வீடுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த இடைவெளிதான்.

தறியை எங்கே போடுவது?

சரி, பணம் ஒழுங்காக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் விதிப்படி ஊரக வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். அடிக்கணக்கில் 269 சதுர அடி. ஒரு குடும்பம் சமைத்து, தூங்கி, எழுந்திருக்க இது இறுக்கமான அளவு. அதற்குள் ஒரு தறியை வைத்துப் பாருங்கள்.

ஆரணிப் பக்கத்துக் குழித்தறி தரையோடு ஒட்டியது. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். எதிரே பாவு நீண்டிருக்கும். மடிக்கு முன்னால் படமரம், நெய்த சேலை அதில் சுற்றிக்கொண்டே வரும். தறி மட்டும் எட்டடிக்குப் பத்தடி பிடித்துக்கொள்ளும். சுற்றி நடக்க, அறுந்த இழையைப் பிடித்து முடிய, பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்ற இடம் விட்டால் நூறு சதுர அடிக்கு மேல் போய்விடும். கரையிலும் முந்தியிலும் பூ விழ வேண்டுமென்றால் மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். பெட்டிக்கும் அது ஏறி இறங்குவதற்கும் உயரம் வேண்டும். பழைய நெசவாளர் வீடுகளில் நடுக்கூடத்து ஓட்டுக்கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தது அதற்காகத்தான். சிக்கனமாகப் போட்ட தட்டையான கான்கிரீட் கூரைக்குக் கீழே அந்தப் பெட்டி நிற்க இடமில்லாமல் தலை இடிக்கும்.

உயரத்தைவிடப் பெரிய தொந்தரவு குழி. அது தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வீட்டின் அடித்தளம் தாழ்வாக இருந்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் ஊறிக் குழிக்குள் நிற்கும். பாவு ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். தண்ணீர் வற்றி, குழி காய்ந்து, மறுபடி உட்கார்ந்து நெய்யும் வரை கூலி கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு மழைக்கால விடுமுறைச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? அடித்தளத்தை இரண்டடி உயர்த்தினால் தீர்ந்துவிடும். உயர்த்துவதற்கு மண்ணும் கல்லும் கூலியும் ஆகும். அரசு தரும் தொகைக் கணக்கில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தறிக்கூடத்தோடு சேர்ந்த வீடு என்ற மத்தியத் திட்டம் 1980-களிலேயே வந்துவிட்டது. இப்போதும் தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தனிநபர் தறிக்கூடம் கட்ட 1,20,000 ரூபாய் வரை உண்டு. சிக்கல், இரண்டும் இரண்டு வாசலில் கிடைப்பது. வீட்டுக்கு வட்டார வளர்ச்சி அலுவலகம். தறிக்கூடத்துக்குக் கைத்தறித் துறை. பயனாளிப் பட்டியல் தனித்தனி, வரைபடம் தனித்தனி, ஆண்டுக் கணக்கும் தனித்தனி. இரண்டும் ஒரே வருஷம் ஒரே குடும்பத்துக்கு அமைந்தால் அது அதிர்ஷ்டம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேராமல் தனியாரிடம் கூலிக்கு நெய்பவருக்கு இரண்டாவது வாசல் இன்னும் தூரம்.

மின்சாரத்தில் மட்டும் வீடும் தொழிற்கூடமும் ஒன்று என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட் ஆனது. மின் கணக்கில் முடிந்தது கட்டடக் கணக்கில் ஏன் முடியாது என்று கேட்பதில் தப்பே இல்லை.

மலைக்கும் அதே அளவுச் சட்டை

ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறினால் சாமை விளையும் ஊர்கள், மலையாளிப் பழங்குடி மக்கள். அதே மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் காவலூர். அங்கே 2.3 மீட்டர் குறுக்களவுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அரசாங்கம் முடிவு செய்தால் எவ்வளவு கனமான, எவ்வளவு நுணுக்கமான பொருளும் இந்த மலைமேல் ஏறும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஒரு மூட்டை சிமெண்டின் பயணத்தைப் பார்ப்போம். ஐம்பது கிலோ. லாரியில் ஜமுனாமரத்தூர் வரை வரும். அங்கே இறக்கி டிராக்டரிலோ ஜீப்பிலோ ஏற்ற வேண்டும். தார்ச்சாலை முடிந்து, மண் பாதையும் முடியும் இடத்தில் மறுபடி இறக்கி, அங்கிருந்து தலைச்சுமை. ஒவ்வொரு இடத்திலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. மணல், ஜல்லி, கம்பி, கதவு, கழிப்பறைக் கோப்பை எல்லாவற்றுக்கும் இதே வழி. கான்கிரீட் கலக்கத் தண்ணீர் வேண்டும்; நீராற்றவும் வேண்டும். குடிக்கவே கிணற்றுக்கு நடக்கிற ஊரில் கூரைக்கு நாள்தோறும் யார் தண்ணீர் ஊற்றுவது? கீழேயிருந்து வரும் கொத்தனார் வேலை முடியும் வரை மேலேயே தங்குவார். அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் வீட்டுக்காரர் பொறுப்பு.

மத்தியத் திட்டம் மலை மாநிலங்களுக்கும் கடினமான பகுதிகளுக்கும் 1,30,000 தருகிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே தில்லியின் விதிப்புத்தகம் ஒப்புக்கொண்ட வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே அளவில் தைத்த இலவசச் சீருடை மாதிரிதான் இது. துணி நல்ல துணிதான், கை மட்டும் நுழையாது.

வேறு மாதிரிக் கணக்குப் போடும் ஊர்களும் உண்டு. கனடாவின் வடகோடியில் நுனாவுட் என்ற பெரிய பிரதேசம். அங்கே 25 ஊர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சாலை இல்லை, தெற்கோடும் சாலைத் தொடர்பில்லை. வீடு கட்டும் சாமான் எல்லாம் பனி உருகும் சில மாதங்களில் கப்பலில் வந்து இறங்க வேண்டும். ஆணி குறைந்தால் விமானத்தில் வரவழைக்க வேண்டும், இல்லையேல் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அரசு வாடகை வீடுகளில்தான் இருக்கிறார்கள். 2022-ல் அங்கே, 2030-க்குள் 3,000 வீடு என்று இலக்கு வைத்தார்கள். அங்கும் நெருக்கடி தீர்ந்தபாடில்லை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருங்கிக் கிடப்பது சாதாரணம். ஆனாலும் சாமான் வந்து சேரும் செலவைப் பயனாளியின் தலையில் கட்டுவதில்லை. கட்டுகிற அரசே அதை முதல் வரியில் எழுதிக்கொள்கிறது.

நம் நாட்டிலும் அந்தத் திசையில் ஒரு அடி வைத்தார்கள். 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய். கூடவே சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவ வண்டி, அங்கன்வாடி என்று 11 வேலைகளை ஒன்பது அமைச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நல்ல யோசனை. இது 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என்று பட்டியலிட்டவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பிரிவினர். ஜவ்வாது மலை மலையாளிகள் பழங்குடியினர்தான், ஆனால் அந்த ஆறில் இல்லை. சமவெளியில் வந்தவாசிப் பக்கத்து இருளர் குடும்பத்துக்குத் திட்டம் எட்டும், எட்டவும் வேண்டும். மலையுச்சியில் சாலை முடிந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் மலையாளிக் குடும்பத்துக்கு எட்டாது. பட்டியல் இனத்தைப் பார்த்துப் போட்டது. தூரத்தை அளந்து போட்டதல்ல. இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, மற்றப் பழங்குடிக் கிராமங்களுக்கும் சேர்த்து 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இன்னொரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள்.

வாசலுக்கு வெளியே

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை முடிந்த இடத்தில் நின்றுகொண்டது. மீதித் தூரத்துக்கு அந்தத் தாய் குழந்தையைக் கையில் ஏந்தி நடந்தார். செய்தி நாடெங்கும் போனது. அதன் பிறகுதான் சாலைக் கோப்பு வேகமாக நகர்ந்தது.

வீட்டு வசதிப் பேச்சில் இதை ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். அந்தக் குடும்பத்துக்கு ஐந்து லட்சத்தில் மாளிகை கட்டிக் கொடுத்திருந்தாலும் அன்றைக்கு உதவியிருக்காது. சாலை, தண்ணீர், துணைச் சுகாதார நிலையம், பிள்ளைக்குப் பக்கத்தில் பள்ளி எல்லாம் சேர்ந்தால்தான் நான்கு சுவர் குடியிருக்கத் தகுந்ததாகிறது. இவை ஒவ்வொன்றும் வேறு துறை. மலையில் கூடுதலாக வனத்துறையின் அனுமதி. "காட்டு நிலம், ரோடு போட முடியாது" என்ற பதில் அங்கே தலைமுறைகளாகப் பழக்கம்.

அந்தப் பதிலுக்கு ஒரு மறுபதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு. சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாய விலைக் கடை, குடிநீர்க் குழாய் உட்பட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை விடுவிக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மூன்றே நிபந்தனை. இந்த வழி இருப்பது தெரிந்து தீர்மானம் போடும் ஊருக்கும், தெரியாமல் மனு மட்டும் எழுதிக்கொண்டிருக்கும் ஊருக்கும் வித்தியாசம் பல வருஷம்.

சாவி கொடுத்த பிறகு

கணக்கில் விட்டுப்போன கடைசி வரிக்கு வருவோம். அதிகம் பேசப்படாதது இதுதான். 1980, 90-களில் கட்டிய தொகுப்பு வீடுகளை நீங்கள் எந்த ஊரிலும் பார்க்கலாம். கூரையின் உள்பக்கம் நிமிர்ந்து பாருங்கள். பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு போலத் தெரியும். மழைத் தண்ணீர் நுண்ணிய விரிசல் வழியாக இறங்கும். கம்பிமேல் கான்கிரீட் மூடல் மெல்லியதாக இருந்தால் ஈரம் சீக்கிரம் எட்டிவிடும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைத் தள்ளும். ஒரு நாள் படுத்திருப்பவர் மேல் விழும். ஆரம்பத்திலேயே விரிசலை அடைத்து, மேல்தளத்துக்கு ஒரு பூச்சுப் போட்டிருந்தால் சில ஆயிரத்தில் தீர்ந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் பிட்ஜன்ட்ஜாரா மக்களின் ஊர்களில் 1985-ல் ஒரு வேலை தொடங்கியது. மக்கள் ஓயாமல் நோய்வாய்ப்படுவதை நிறுத்த வழி சொல்லும்படி, அந்த மக்களின் சுகாதார அமைப்பை நடத்திய யாமி லெஸ்டர் ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் ஆகிய மூவரைக் கேட்டார். அவர்கள் வீடு வீடாகப் போய் குழாயைத் திறந்து பார்த்தார்கள், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். பழுதைப் பார்த்த அன்றே சரிசெய்யாமல் திரும்பக் கூடாது என்பது விதி. ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்த்த பிறகு தெரிந்தது: பழுதுகளில் சுமார் 70 சதவீதம் வழக்கமான பராமரிப்பு இல்லாததால் வந்தவை, ஏறக்குறைய 20 சதவீதம் முதலிலேயே மோசமாகக் கட்டியதால் வந்தவை. குடியிருப்பவர் பாழாக்கியது பத்துக்கும் குறைவு. "குடுத்தாலும் வெச்சிக்கத் தெரியாது" என்று ஊர் ஊராகச் சொல்லும் வசனத்துக்கு இது பதில்.

அங்கே வீடு அரசுடையது. பழுது பார்ப்பதும் அரசின் கடமை என்றாவது வாதாடலாம். நம் முறையில் வீடு பயனாளியின் சொத்து. அது பெருமை, பாதுகாப்பு. அதோடு பராமரிப்பும் அவர் தலையில். மாதச் சம்பளம் இல்லாத கையில் அந்தச் செலவு கடைசி இடத்துக்குத் தள்ளிப்போகும். 2024-ல் தமிழக அரசு, 2001-க்கு முன் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2,000 கோடி ஒதுக்குவதாக அறிவித்தது. வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். வரவேற்க வேண்டியதுதான். இருந்தாலும் கால் நூற்றாண்டு கழித்து மொத்தமாகச் செய்வது மராமத்தில் சேராது, அது சிகிச்சை.

கூட்டிக் கட்டினால் நடக்கும்

இத்தனையும் சொன்னது கையை விரிக்க அல்ல. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, வந்தவாசி அருகே மீசநல்லூரில், இருளர் குடும்பங்களுக்காக அப்துல் கலாம் பெயரில் ஒரு குடியிருப்பு எழும்பியது. வீட்டுக்கு ஒரு திட்டம், கறவை மாட்டுக்கு ஒரு திட்டம், செங்கல் சூளைக்கும் கரித் தொழிலுக்கும் ஒரு திட்டம் என்று தனித்தனி வாசலில் கிடந்த பணத்தை மாவட்ட நிர்வாகம் ஒரே இடத்தில் இறக்கியது. புதிதாகச் சட்டம் எதுவும் வரவில்லை. கோப்புகள் ஒரே மேஜையில் உட்கார்ந்தன.

மீசநல்லூரில் செய்ததை நெசவாளர் தெருவுக்கும் செய்யலாம். வீட்டுப் பணமும் தறிக்கூடப் பணமும் ஒரே ஆண்டில், ஒரே வரைபடத்தில் வந்தால் அடித்தளமும் உயரும், கூரையும் உயரும். மலைக்கும் செய்யலாம். சுமைக்கூலியைத் தனி வரியாக எழுத ஒரு அரசாணை போதும்.

அதைக் கேட்கும் இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சிக்குள் இருந்தால் பகுதி சபை. பயனாளிப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். அன்றைக்கு இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊரில் தறி உள்ள பயனாளிகள் எத்தனை பேர், அவர்களுக்குத் தறிக்கூட விண்ணப்பம் சேர்த்து அனுப்பியாகிவிட்டதா? சாலை எட்டாத குக்கிராமத்துக்கு 3(2) தீர்மானம் எப்போது? ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன வீடுகளின் கூரையை யார், எந்த மாதம் வந்து பார்ப்பார்கள்? பதில் வராவிட்டாலும் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாத கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு திறக்க மாட்டார்கள்.